கார்புரேட்டர் கோளாறுக்குக் கைவைத்தியம்



விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு என்றால், ஐந்து மணிக்கே வண்டியை வாசலுக்குத் தள்ளிவிடுகிறோம். ஓர் உதை, இரண்டு உதை, பத்து உதை. வண்டி இருமுகிறது, முனகுகிறது, உயிர் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கார்புரேட்டர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தம் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். நமக்கு அன்றைய பேர் விழுகிறதோ இல்லையோ, வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போய் நாற்பது ஐம்பது வெள்ளியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கார்புரேட்டரைப் பற்றித்தான். அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே, ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்பேனரும் கொண்டு, அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட முடியும்.

முன்பெல்லாம் தோட்டத்துக் குடும்பத்துக்கு வண்டி ஒரு வசதி. இப்போது அது வயிற்றுப்பாடு. 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்பதை நம் கோல கங்சாரில் நட்டார்கள். அன்று தொடங்கிய ரப்பர், பேராக்கின் காடுமேடெல்லாம் பரவி, லயத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தீம்பார், பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை என்று ஒரு முழு உலகத்தையே உண்டாக்கியிருந்தது. பிறகு பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் சுங்கை சிப்புட், செம்மோர், புந்தோங் பக்கம் குடியேறின. வேலை ஓரிடம், பள்ளி ஓரிடம், மருத்துவமனை ஈப்போவில். பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆகவே வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்பது அரிசி பருப்பு போல ஆகிவிட்டது.

நம் பக்கத்தில் அதிகமாக ஓடுவது 'கப்சாய்' என்று நாம் சொல்லும் சின்ன வண்டி. 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். அந்தக் 'கப்' என்ற பெயரோடு 'சின்னது' என்ற பொருள்படும் சீனச் சொல் சேர்ந்துதான் கப்சாய் ஆயிற்று என்பார்கள். அந்த வம்சத்துச் சி-70 வண்டியும், 1980களின் பிற்பகுதியில் வந்த இ.எக்ஸ்.5 வண்டியும் இன்றைக்கும் செம்பனைக் காட்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிலர் வெஸ்பா ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்கள். இப்போது கடையில் புதிதாக விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும். அந்த வண்டிகளுக்கு நாம் இன்று சொல்லும் வைத்தியம் பொருந்தாது. அவற்றைத் திறக்கவும் வேண்டாம்.

சரி, கார்புரேட்டர் என்ன செய்கிறது? நம் வீடுகளில் முன்பு கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று இருந்ததே, அதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்டைத் தள்ளினால் காற்று வேகமாகப் போகும். அந்த வேகத்தில், கீழே டப்பாவிலிருக்கும் மருந்து சிறு குழாய் வழியே மேலே இழுக்கப்பட்டுப் புகையாய்ச் சிதறும். கார்புரேட்டரும் அவ்வளவுதான். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று போகும் வழியில் ஓரிடத்தைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஏறுகிறது.

அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உருண்டையாக ஒன்று மிதந்து, தொட்டி நிறைந்ததும் குழாயை அடைக்கிறதல்லவா, அதே வேலைதான். மிதவை மேலே எழும்போது கூர்மையான ஊசி ஒன்றைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை மூடிவிடும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே போவதற்குப் பித்தளையில் செய்த இரண்டு ஜெட்டுகள் உண்டு. ஒன்று மெயின் ஜெட். வண்டி வேகமாகப் போகும்போது வேலை செய்வது. மற்றொன்று சுலோ ஜெட். வண்டி நின்றபடி உறுமும்போதும், மெல்லக் கிளம்பும்போதும் வேலை செய்வது. இந்த இரண்டின் வேலைப் பங்கீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிட்டோம் என்று சொல்லலாம்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். 15 கிலோ காற்று என்றால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. தோட்டத்தில் எண்ணெய் வரும் பெரிய டிரம் 200 லிட்டர் பிடிக்கும். அப்படி 45 டிரம் நிறையக் காற்று. இவ்வளவு காற்றையும் அந்தச் சின்ன வண்டி வழியிலுள்ள புழுதியோடு சேர்த்து உறிஞ்சுகிறது என்றால், காற்று வடிகட்டி எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறதல்லவா? செம்மண் பாதையில், பழக்குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகிற வண்டிக்கு அந்த வடிகட்டி சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் பெட்ரோல் மிகும். கறுப்புப் புகை வரும். பெட்ரோல் செலவு ஏறும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துக் கழற்றுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். வடிகட்டி பஞ்சுபோல் இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு இன்ஜின் எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகிதத்தால் ஆனதாக இருந்தால் நனைக்கக் கூடாது. தட்டித் தூசியை உதிர்க்கலாம், கறுத்துப்போனால் மாற்ற வேண்டும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, "இப்போது நன்றாக இழுக்கிறது" என்று பெருமைப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டியின் சிலிண்டர் மணல் தின்று தேய்வது சில மாதங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், முள் காட்டுவதை நம்பாமல் மூடியைத் திறந்து பார்ப்பதே நல்லது. பெட்ரோல் குழாயின் திறப்பு திறந்திருக்கிறதா? பழைய கப் வண்டிகளில் அந்தத் திறப்பு கார்புரேட்டரோடு ஒட்டியே இருக்கும். கால் பட்டு மூடிக்கொள்வதும் உண்டு. அடுத்தது பிளக். அதைக் கழற்றிப் பார்த்தால் வண்டியின் நாடி தெரிந்துவிடும். நுனி இளம் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கார்புரேட்டர் சுகமாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. கரிபோல் உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை; அப்படியே ஓட்டினால் இன்ஜின் சூடேறிக் கெடும். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜின் பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது என்று பொருள். முழுக்க உலர்ந்து, எத்தனை உதைத்தாலும் பெட்ரோல் வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

மூழ்கிய வண்டிக்கு வைத்தியம் எளிது. பெட்ரோல் திறப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்து முறை உதைத்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டி மறுபடி உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். சோக்கைப் போட்டபடியே இருபது உதை உதைப்பதுதான் நம்மவர்கள் பலர் செய்வது. அது குடித்தவனுக்கு இன்னும் கொடுப்பது போல.

இனி உண்மையான கார்புரேட்டர் கோளாறுகளுக்கு வருவோம். நம் பக்கத்தில் அதிகம் காண்பது, சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் அணைந்துவிடும் என்பது. விளக்குச் சந்திப்பில் நிற்கும்போதும் அணையும். ஆனால் வேகமாகப் போகும்போது குறையே தெரியாது. அப்படியானால் அடைத்துக்கொண்டிருப்பது சுலோ ஜெட். ஏன் அதுவே முதலில் அடைக்கிறது? ஜெட்டுகளில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள். ஜப்பானியக் கெய்ஹின் கார்புரேட்டர்களில் 75 என்று இருந்தால் அதன் துளை ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். 35 என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நம் தலைமுடி ஐந்தைச் சேர்த்து வைத்தால் அந்தத் துளை நிறைந்துவிடும். பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெட்டுக்கோட்டில் நின்றுபோன பால் காற்றுப்பட்டு ஒட்டுப்பாலாக இறுகிவிடுவதில்லையா? பெட்ரோலும் அப்படித்தான். வண்டியை இரண்டு மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிச்சமிருப்பது மஞ்சள் பிசினாகிச் சிறிய துளையை முதலில் அடைக்கும். ஊருக்குப் போகிறோம், வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால், பெட்ரோல் திறப்பை மூடிவிட்டு இன்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டால் போதும், கிண்ணம் காலியாகிவிடும். இதற்குக் காசு பணம் எதுவும் செலவில்லை.

இதற்கு மாறாக, நின்ற இடத்தில் நன்றாக உறுமுகிறது, வேகம் எடுக்கப் போனால் மட்டும் திணறுகிறது என்றால் மெயின் ஜெட்டையோ, பெட்ரோல் வரும் வழியையோ சந்தேகிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும், பிறகு அணைந்துவிடும். ஐந்து நிமிடம் நிழலில் நின்றால் மறுபடி கிளம்பும், மறுபடி அணையும். பேய் பிடித்ததுபோல இருக்கும். டேங்கு மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை மண்ணால் அடைபட்டிருப்பதே காரணமாக இருக்கலாம். பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்தில் காற்று புகவேண்டும். புகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. வண்டி அணைந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டி உடனே கிளம்பினால் குற்றவாளி மூடிதான். இதைக் கண்டுபிடிக்காமல் கார்புரேட்டரையே புதிதாக மாற்றிய வீடுகள் உண்டு.

மூன்றாவது, கார்புரேட்டரின் அடியிலுள்ள வழிவுக் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுவது. ஊசியின் நுனிக்கும் அது அமரும் துளைக்கும் நடுவே ஒரு தூசி சிக்கினால்கூடப் போதும், துளை மூடாது. முதலில் திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை மெல்ல இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். சில நேரம் தூசி விலகிச் சொட்டு நின்றுவிடும். நிற்காவிட்டால் கழற்ற வேண்டும். ஊசியின் கூம்பு நுனியில் விரலை ஓட்டினால் வளையம்போல் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறதா? தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மிதவை ஓட்டை. ஓட்டை மிதவை எழும்பாது; எழும்பாத மிதவை துளையை மூடாது.

இந்தச் சொட்டை மட்டும் நாம் அலட்சியமாக விடக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. புகைபோல் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தாழ்வான இடம் தேடிப் போகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை அது விட்டுக்கொண்டே இருக்கும் என்றால் நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? திருட்டுக்குப் பயந்து இரவில் வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்துகிறோம். அதே கூடத்தில் சாமி விளக்கு எரிகிறது. அடுத்த அறையில் அடுப்பு. பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். சொட்டுகிற வண்டி ஒருபோதும் வீட்டுக்குள் வரக்கூடாது. சரிசெய்யும்வரை வெளியே நிற்கட்டும், பெட்ரோல் திறப்பை மூடி நிற்கட்டும்.

கழற்றும் வேலையையும் வெளியே, காற்றோட்டமான இடத்தில், பகல் வெளிச்சத்தில், இன்ஜின் ஆறிய பிறகு செய்ய வேண்டும். வாயில் சுருட்டோ சிகரெட்டோ கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணலோ நனைத்த கோணிச்சாக்கோ இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை வாரி ஊற்றினால் பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டே பரவும். வடித்த பெட்ரோலைத் தகர டப்பாவிலோ கண்ணாடிக் குவளையிலோ பிடியுங்கள். வேலை முடிந்ததும் அப்புறப்படுத்துங்கள். குடிதண்ணீர்ப் போத்தலில், கலர்த் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மூலையில் வைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். விளையாடிவிட்டுத் தாகத்தோடு வரும் குழந்தைக்குப் போத்தலைத்தான் தெரியும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வாந்தியில் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சும் பெரியவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

இனிக் கழற்றிச் சுத்தம் செய்வது. கப்சாய் வண்டியில் கார்புரேட்டர் கால்மறைப்புக்குப் பின்னால், இன்ஜினுக்கு மேலே இருக்கும். பெட்ரோல் திறப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி வடித்துக்கொள்ளுங்கள். வடித்ததை உற்றுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. ஆகவே கனமான தண்ணீர் எப்போதும் கீழேதான் தங்கும், ஜெட் இருப்பதும் கீழேதான். தைப்பிங் பக்கம் பெய்யும் மழையைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூடியின் ரப்பர் நைந்துபோன டேங்கில் தண்ணீர் இறங்காமல் என்ன செய்யும்? கிண்ணத்தில் தண்ணீர் கண்டால் டேங்கையும் ஒரு முறை வடிக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு மறுபடி இதே வேலை.

பிறகு கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றினால் மிதவை தெரியும். மிதவையைப் பிடித்திருக்கும் சின்ன முள்ளை மெல்லத் தள்ளி எடுத்தால் மிதவையும் ஊசியும் வந்துவிடும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு வந்தால் மாட்டும்போது குழப்பம் வராது. ஜெட் பித்தளை, மென்மையானது. சரியான அகலமுள்ள திருப்புளியால் அழுத்திப் பிடித்துத் திருக வேண்டும். பொருந்தாத திருப்புளி அதன் தலையைத் தின்றுவிடும்.

எடுத்த ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் அதைப் பெட்ரோலில் சிறிது நேரம் ஊறவைத்து, டயர்ப் பம்பால் காற்றடித்துத் திறக்க வேண்டும். இரும்புக் கம்பியை மட்டும் விடாதீர்கள். 35 எண் ஜெட்டின் துளை கம்பி உரசி 40 அளவுக்கு விரிந்தால், விட்டம் கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் போவது துளையின் பரப்பைப் பொறுத்தது. அந்தப் பரப்பு 30 விழுக்காடு கூடிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வண்டி எப்போதும் கறுப்புப் புகைதான் விடும். பிசின் விடாப்பிடியாக இருந்தால் மீன்பிடிக்கும் நைலான் நரம்பில் மெல்லியதாக ஒன்றை நுழைக்கலாம். கார்புரேட்டர் உடம்பிலுள்ள சிறு வழிகளிலும் காற்றடிக்க வேண்டும். ஜெட்டை மட்டும் துடைத்து இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு வேலை செய்தும் பலன் கிடைப்பதில்லை. ரப்பர் வளையங்களைப் பெட்ரோலில் ஊறப்போடாதீர்கள். அவை உப்பிக்கொண்டு, அதனதன் பள்ளத்தில் உட்காராமல் அடம்பிடிக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஆக்சிலேட்டர் வயரோடு தொங்கும் உருளையின் பக்கவாட்டில் ஒரு நீண்ட பள்ளம் உண்டு. கார்புரேட்டரின் உட்சுவரில் அதற்கேற்ற முளை இருக்கும். இரண்டும் பொருந்தி இறங்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டால் உருளை முழுவதும் கீழே இறங்காது; வண்டியை உதைத்ததும் இன்ஜின் அலறிக்கொண்டு பாயும். ஆகவே உதைப்பதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று அடித்துத் திரும்ப வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகும் இன்ஜின் தானாகவே வேகமாக உறுமிக்கொண்டிருந்தால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் திருட்டுக் காற்று புகுகிறது. சவர்க்காரத் தண்ணீரை அந்த இணைப்பைச் சுற்றிச் சிறிது தடவுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. இதற்குப் பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோலைத் தெளிப்பவருக்கு நாம் என்ன சொல்வது?

கடைசியாக, கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சின்னத் திருகு. எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். வைக்க வேண்டியது கடைசியில்தான். திருகுவதற்கு முன்னால், அதை மெல்ல உள்ளே முட்டும்வரை திருகி எத்தனை சுற்றுப் போனது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும். இறுக்கித் திருகினால் நுனி உடைந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். பொதுவாக ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வைத்துத் தொடங்கலாம். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, கால் சுற்றுக் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, எந்த இடத்தில் இன்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு உருளையைத் தாங்கும் மற்றொரு திருகைக் கொண்டு வேகத்தைக் குறையுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்தத் திருகு காற்று வடிகட்டிப் பக்கமாக இருந்தால் வெளியே எடுக்க எடுக்கக் காற்று கூடும், இன்ஜின் பக்கமாக இருந்தால் வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் கூடும்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள், மேலே ஏற ஏற வண்டி சோர்வதைக் கண்டிருப்பார்கள். அது கோளாறன்று. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் குறையவில்லை, காற்றுதான் குறைந்தது. அங்கே திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு அப்படியே கீழே இறங்கினால், ஈப்போ வெயிலில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும். திருகைத் தொடாமலே இறங்கினால் வண்டி தானாகத் தேறிவிடும்.

வெஸ்பா வைத்திருப்பவர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். ஆனால் அதன் கார்புரேட்டர் பக்கவாட்டு மூடிக்குள் ஒரு பெட்டியில், வடிகட்டியோடு சேர்ந்து இருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியானதால் பெட்ரோலோடு எண்ணெயும் எரிகிறது. ஆகவே பிளக் கொஞ்சம் கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருப்பது இயல்பு.

செலவுக் கணக்கையும் ஒரு முறை பார்ப்போம். நாளுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, அடைத்த வடிகட்டியாலும் விரிந்த ஜெட்டாலும் 35 கொடுத்தால், மாதத்துக்கு ஆறரை லிட்டருக்கு மேல் வீண். விலை எதுவாக இருந்தாலும் அது பிள்ளையின் கைச்செலவுக் காசு.

வண்டியில் பெட்ரோல் இரவெல்லாம் வழிந்திருந்தால் இன்னொன்றையும் பார்த்துவிட்டு உதையுங்கள். வழியும் பெட்ரோல் எப்போதும் வெளியே சொட்டுவதில்லை. சில நேரம் இன்ஜினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் அளவுகோலை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, மட்டம் கூடியிருந்தாலோ எண்ணெயை மாற்றாமல் ஓட்டக்கூடாது. நீர்த்த எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது.

இவ்வளவு செய்தும் தீரவில்லையென்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். போகும்போது "கார்புரேட்டர் போச்சு" என்று சொல்லாமல், குளிர்ந்திருக்கும்போதா சூடேறிய பிறகா, மெல்லப் போகும்போதா வேகத்திலா, சோக் போட்டால் மாறுகிறதா, பிளக் என்ன நிறம் என்று சொல்லுங்கள். எந்தச் சாமானை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த ஊசியின் நுனியில் அந்த வளையப் பள்ளம் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.